மருந்து அடித்த பிறகு புகையான் ஏன் பெருகுகிறது?

கேள்வி: பூதப்பாண்டி பக்கம் ஒரு ஏக்கரில் கும்பப்பூ (இரண்டாம் போகம்) நெல் போட்டிருக்கிறேன். பயிரின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு சைபர்மெத்ரின் மருந்து அடித்தேன். இரண்டு நாள் அடங்கியது. பத்தாம் நாள் பார்த்தால் முன்பைவிடக் கூடுதல். கடையில் போலி மருந்தைத் தந்துவிட்டார்களா?

பதில்: போலியாக இருந்திருந்தால் இவ்வளவு பெருகியிருக்காது. மருந்து வேலை செய்ததுதான் சிக்கல்.

புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதிக்குள்) செருகி வைக்கும். அங்கே மருந்து எட்டாது. 7 முதல் 9 நாளில் குஞ்சு வெளியே வரும்போது அதைத் தின்ன வேண்டிய பூச்சிகள் வயலில் இருக்காது, மருந்தில் செத்திருக்கும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை பூச்சிமருந்துகள் இந்த விஷயத்தில் ரொம்ப மோசம். தப்பிய தாய்ப்பூச்சிகள் கூடுதலாக முட்டையிடவும் இவை தூண்டுவதுண்டு.

செத்தவர்களில் முக்கியமானது மிரிட் நாவாய்ப்பூச்சி. பச்சை உடம்பு, கறுத்த தலை, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். இலையுறையில் ஊசி போன்ற வாயைக் குத்தி, புகையான் முட்டையை உறிஞ்சிவிடும். பாவம், இதைப் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய. தத்துப்பூச்சி தொட்டால் பக்கவாட்டில் துள்ளும், இது ஓடும். அடுத்தது ஓநாய் சிலந்தி. வலை பின்னாமல், தண்ணீருக்குச் சற்று மேலே தூரிலேயே சுற்றும். புகையானும் அங்கேதானே இருக்கிறது! ஒரு சிலந்தி நாளுக்கு 5 முதல் 15 வரை பிடித்துத் தின்னும்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். யூரியா போடுவதை நிறுத்துங்கள். அப்புறம் பத்து இருபது தூர்களை விலக்கி அடிப்பாகத்தில் எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு (தூரில் கிளைத்த ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் வந்தாலே மருந்து தேவை. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். உங்கள் வயலில் இப்போது சிலந்தி இருக்க வாய்ப்பு குறைவு.

அந்த அளவைத் தாண்டினால் புப்ரோபெசின் 25 எஸ்.சி. என்ற திரவ மருந்தை, ஏக்கருக்கு 320 மில்லி, தூரின் அடியில் படும்படி அடியுங்கள். குஞ்சு தோலுரிப்பதைத்தான் இது கெடுக்கும், மிரிட்டுக்கும் சிலந்திக்கும் தொல்லை குறைவு. ஆனால் வேலை தெரிய மூன்று நாளுக்கு மேல் ஆகும். பொறுக்க முடியாமல் இடையில் மறுபடியும் சைபர்மெத்ரினை எடுத்துவிடாதீர்கள்.

அடுத்த கன்னிப்பூவில் (முதல் போகத்தில்) நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஒரு முறை 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்றும் வெயிலும் தூருக்குள் போகும்; மருந்து அடிக்க வேண்டி வந்தாலும் உள்ளே நடக்க வழி இருக்கும்.