மங்கோலியாவின் நாதாம் திருவிழாவையும் புல்வெளியையும் பேக்பேக்கோடு பார்க்க எப்படித் திட்டமிடுவது?

நாதாம் என்பது மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம் மூன்றும் சேர்ந்த ஜூலை மாத விழா. தலைநகர் உலான் பத்தூரில் அதற்கு ஒரு நாள் போதும். மிச்சத்தைச் சிற்றூருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 11 காலை மைதானத்தில் நடக்கும் தொடக்க விழா பிரமாண்டமானதுதான். வெள்ளைக் குதிரை மயிரால் ஆன ஒன்பது கொடிகளைச் சுஹ்பாதர் சதுக்கத்திலிருந்து குதிரை வீரர்கள் ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். ஆனால் அதற்கான சீட்டு சீக்கிரமே தீர்ந்துவிடும். வாசலில் விற்பவர்கள் பல மடங்கு விலை சொல்வார்கள். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். தொடக்க விழா முடிந்ததும் பாதிக் கூட்டம் வெளியேறிவிடும், பிறகு மல்யுத்தத்தை நிதானமாகப் பார்க்கலாம். நெரிசலில் ஜேப்படி சர்வசாதாரணம். பேக்பேக்கை விடுதியிலேயே விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டையும் பணத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்யுத்தத்தில் 512 பேர் இறங்குவார்கள், சில ஆண்டுகளில் 1024. எடைப் பிரிவு கிடையாது. மலைபோல் இருப்பவருக்கு எதிரே ஒல்லிப் பையன் நிற்பான். முழங்காலோ முழங்கையோ உடம்போ தரையில் பட்டால் தோல்வி, உள்ளங்கை பட்டால் பரவாயில்லை. தோற்றவர் வென்றவரின் கைக்கு அடியில் குனிந்து போவார்; வென்றவர் சிறகு விரித்த பறவைபோல் கொடியைச் சுற்றி ஆடுவார். 512 பேர் போட்டியில் ஐந்து சுற்று வென்றவருக்கு வல்லூறு, ஏழு வென்றவருக்கு யானை, ஒன்பதும் வென்றவருக்குச் சிங்கம் என்று பட்டம். முதல் சுற்றுகள் இழுவையாக இருக்கும். நேரம் குறைவென்றால் இரண்டாம் நாள் பிற்பகலுக்குப் போங்கள். பக்கத்து வில்வித்தைத் திடலையும் விட்டுவிடாதீர்கள். ஆண்கள் 75 மீட்டர் தொலைவிலிருந்து தரையில் அடுக்கிய சிறு தோல் உருளைகளைக் குறிபார்ப்பார்கள். அம்பு பட்டதும் இலக்கருகே நிற்கும் நடுவர்கள் கைகளை உயர்த்தி ராகமாகக் குரல் கொடுப்பார்கள்.

குதிரைப் பந்தயம் ஊருக்குள் நடக்காது. மேற்கே சுமார் 40 கி.மீ. தள்ளி ஹுய் தோலோன் ஹுதக் என்ற வெட்டவெளிக்குப் போக வேண்டும். விடிகாலையில் கிளம்பாவிட்டால் வாகன நெரிசலிலேயே பந்தயம் முடிந்துவிடும். குதிரையின் வயதைப் பொறுத்து ஓட்டத்தின் தூரம் 10 கி.மீ.க்கு மேல் தொடங்கி 25 கி.மீ. வரை போகும். ஓட்டுபவர்கள் சிறுவர்கள், இதுபற்றி அந்த நாட்டிலேயே கடும் விவாதம் உண்டு. மனம் ஒப்பாவிட்டால் இதை மட்டும் தவிர்த்துவிடலாம்.

இனி முக்கியமான விஷயம். நாட்டின் 21 ஐமக்குகளுக்கு (நம் மாவட்டம் மாதிரி) கீழே முந்நூற்றுக்கும் மேற்பட்ட சும்கள் (நம் வட்டம் மாதிரி) உண்டு, ஒவ்வொன்றிலும் தனி நாதாம் நடக்கும். சீட்டும் இல்லை, தடுப்பு வேலியும் இல்லை, மல்லர்கள் பத்தடி தூரத்தில் மோதுவார்கள். சிக்கல் தேதிதான். ஜூலை 11-க்கு முன்னால் நடத்தும் சும்களும் உண்டு, பின்னால் நடத்துபவையும் உண்டு. அறிவிப்பு தாமதமாகவும் மங்கோலிய மொழியிலும்தான் வரும். உலான் பத்தூர் விடுதிக்காரரிடம் சொல்லி அந்தச் சும் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்கச் சொல்வதே நம்பகமான வழி. தலைநகர மக்கள் சொந்த ஊருக்குக் கிளம்புவதால் விழாவுக்கு முந்தைய சில நாட்கள் பேருந்துகள் நிரம்பி வழியும். நம் ஊர்த் தீபாவளி நெரிசலை நினைத்துக்கொண்டு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள். விழா நாட்களில் வங்கிகளும் பல கடைகளும் மூடியிருக்கும். சும்களில் ஏடிஎம்மை நம்பாமல் தலைநகரிலேயே துக்ரிக் நோட்டுகளை எடுத்துவிடுங்கள்.

பேருந்து ஐமக் தலைநகர் வரைக்கும்தான் உதவும். அதற்கப்பால் ஃபுர்கோன் எனப்படும் ரஷ்ய யுஏஇசட் வேன். நாள் வாடகை, பெட்ரோல் தனி என்று பேசுவார்கள்; ஓட்டுநரின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள், பெரும்பாலான சண்டை அங்கேதான் தொடங்கும். விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டு ஐந்தாறு பேர் சேர்ந்தால் செலவு கட்டுப்படியாகும். வரைபடத்தில் 300 கி.மீ. என்றால் ஒரே நாளில் போய்விடலாமென்று கணக்குப் போடாதீர்கள். மண்தடத்தில் ஒரு நாளைக்கு 200 கி.மீ. போனாலே அதிகம். ஜூலை அங்கே மழைக்காலம். ஆற்றில் நீர் ஏறினால் வடியும்வரை காத்திருக்க வேண்டும். எனவே விமானத்துக்கு முந்தைய இரண்டு நாட்களைக் காலியாக விடுங்கள்.

மேய்ப்பர்களின் கம்பளிக் கூடாரமான கெர் பக்கம் நெருங்கும்போது தூரத்திலிருந்தே "நோஹோய் ஹோர்!" என்று கத்துங்கள், நாயைப் பிடிக்கச் சொல்வது அது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டி, இடப்பக்கமாகப் போய் உட்காருங்கள். நடுவே நிற்கும் இரு தூண்களுக்கு இடையில் நடக்கக் கூடாது. அடுப்பில் குப்பை போடக் கூடாது. எதையும் வலக்கையால் வாங்க வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. புளித்த குதிரைப் பாலான ஐரக் கொடுத்தால் ஒரு வாய் குடியுங்கள், அல்லது உதட்டில் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். முதல் நாளே கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால் வயிறு கலக்கிவிடும்.

சைவர்களுக்குத் தலைநகரில் உணவகங்கள் உண்டு, வெளியே ஆட்டிறைச்சிதான். விழாவில் எங்கும் விற்கும் ஹூஷூர் என்ற பொரித்த பலகாரத்தின் உள்ளேயும் அதுதான். அவல், பருப்புப் பொடி, உடனடி உப்புமா மாதிரி வெந்நீரில் ஆகிற சாமான் எடுத்துப் போங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் விடமாட்டார்கள், உலான் பத்தூரில் வாங்கிக்கொள்ளலாம். ஆற்று நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஜூலையிலும் இரவில் 5 டிகிரிக்கு இறங்கலாம், அதைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக் வேண்டும். கூடாரத்தை வறண்ட ஓடையில் அடிக்க வேண்டாம், இடிமழையில் திடீர் வெள்ளம் வரும். அணில் இனத்தைச் சேர்ந்த, வளையில் வாழும் மர்மோட்டைத் தொடவோ தின்னவோ கூடாது; அதிலிருந்து பிளேக் தொற்றி அங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

ஜூலையில் போக முடியாதவர்களுக்கு: அக்டோபர் தொடக்கத்தில் மேற்குக் கோடியில் பயான்-உல்கீயில் கசாக் மக்களின் கழுகுத் திருவிழா உண்டு. சாலைவழி 1,600 கி.மீ.க்கு மேல் என்பதால் பெரும்பாலோர் உள்நாட்டு விமானத்தில் போகிறார்கள். அந்த இருக்கைகளை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும்.