வாசகர் கேள்வி பதில்: குழாயில் தண்ணீர் திரும்பி வரும் நாள்

நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மேம்பாட்டுப் பணி நடப்பதால் சில நாட்களுக்குக் குடிநீர் வராது என்ற அறிவிப்பைச் சுற்றியே இந்த முறை நிறைய கேள்விகள். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நான்கு நாட்கள் தண்ணீர் வராது என்கிறார்கள். வீட்டில் நான்கு பேர். டம்ளர் முதற்கொண்டு எல்லாவற்றிலும் பிடித்து வை என்கிறார் மாமியார். மாடித் தொட்டி நிறைந்தால் போதும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

குடும்பச் சண்டையில் என்னை இழுக்கிறீர்களே! இருவர் சொல்வதிலும் பாதி சரி. முதலில் தண்ணீரை இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒரு பங்கு, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு பங்கு. முதல் பங்குக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு நான்கு நாட்களுக்கு 64 லிட்டர் ஆகிறது. ஆனால் 80 லிட்டராகவே பிடித்து வையுங்கள். பணி சொன்ன நேரத்தில் முடிந்தாலும், காலியாகக் கிடக்கும் குழாய்கள் நிரம்பி அழுத்தம் ஏறி உங்கள் தெருவுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும், கடைக்கோடி வீடு என்றால் இன்னும் தாமதம். இந்தப் பங்கு மட்டும் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய, மூடி இறுக்கமான பாத்திரங்களில் இருக்க வேண்டும். கையை விட்டு மொள்ளக் கூடாது, குழாய் வைத்த பாத்திரமோ நீளக் கைப்பிடி உள்ள கரண்டியோ போதும்.

இரண்டாவது பங்கில்தான் உங்கள் கணவரின் தொட்டி வருகிறது. அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 50 என்றே வைத்தால் 1000 லிட்டர் தொட்டி உங்கள் வீட்டுக்கு ஐந்து நாள் வரும், காகிதத்தில். நிஜத்தில் தொட்டி நிறைந்திருக்கிறது என்ற தைரியத்தில் எல்லோரும் ஷவரைத் திறப்பார்கள், இரண்டாம் நாளே தொட்டி வற்றிவிடும். அதனால் தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடி வைத்துவிட்டு, காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் திறந்து வாளிகளில் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகம் குடிப்பது கழிப்பறைத் தொட்டிதான். பழைய மாடல் என்றால் ஒரு அழுத்தலுக்கு 10 லிட்டருக்கும் மேல் போகும். துணி அலசிய தண்ணீரை அரை வாளி ஒரே வீச்சில் ஊற்றினாலே அந்த வேலை முடிந்துவிடும். அழுக்குத் துணி மூட்டையை முந்தின நாளே துவைத்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: மேம்பாட்டுப் பணி என்றால் எதற்கு மொத்தமாக நிறுத்த வேண்டும்? ஒரு பக்கம் ஓட்டிக்கொண்டே செய்ய முடியாதா?

பெரும்பாலான வேலைகளை அப்படித்தான் செய்கிறார்கள். படிகாரம் கலந்து அழுக்கைத் திரட்டுவது, தொட்டியில் படிய விடுவது, மணல் வடிகட்டியில் வடிப்பது, கடைசியில் குளோரின் கலப்பது என்று பல கட்டங்கள் உண்டு. புதிய வடிகட்டியையோ பம்பையோ தனியாகக் கட்டி முடித்துவிடலாம். ஆனால் அதைப் பழைய பிரதானக் குழாயோடு இணைக்கும்போது குழாயை வெட்டியாக வேண்டும், அதில் தண்ணீர் ஓடக் கூடாது.

கேள்வி: மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வந்தது, செம்மண் கரைத்த மாதிரி. கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

போதாது. தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு எல்லோரும் தயாராகிறோம், அது திரும்பி வரும் நாளை யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் ஆபத்து அதிகம் அன்றைக்குத்தான்.

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, சிறு விரிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளிருந்து வெளியேதான் கசியும். அழுத்தம் போய்விட்டால் தலைகீழ். பக்கத்தில் தேங்கிய சாக்கடைத் தண்ணீர் அதே விரிசல் வழியாக உள்ளே வரலாம். அப்புறம் திடீரென்று வேகமாக நீர் பாயும்போது, குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த துருவும் வண்டலும் பெயர்ந்து வரும். நீங்கள் பார்த்த செந்நிறம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே முதலில் வரும் தண்ணீரைக் கீழ்நிலைத் தொட்டிக்குள் விடவே விடாதீர்கள். தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் குழாயைத் திறந்து வாளிகளில் பிடியுங்கள். அது கழிப்பறைக்கும் தரை கழுவவும் உதவும். அவ்வப்போது ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்து, ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, பயப்பட ஒன்றுமில்லை. பழுப்பாக இருந்தால் தெளியும்வரை தொட்டியைத் திறக்காதீர்கள், வாட்டர் ஹீட்டருக்கும் விடாதீர்கள், வெள்ளைத் துணியை நனைக்காதீர்கள். ஏற்கெனவே துணியில் கறை ஏறியிருந்தால் பிளீச் போடக் கூடாது, இரும்புக் கறை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். லேசான குளோரின் வாடை நல்ல அறிகுறிதான். சாக்கடை நாற்றம் அடித்தால் மட்டும் கொதிக்க வைப்பது, வடிகட்டுவது என்று எந்தச் சமாதானமும் வேண்டாம். புழங்கவும் வேண்டாம். உடனே குடிநீர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், துருவையும் ரசாயனத்தையும் எடுக்காது. கலங்கலான தண்ணீரைத் தெளிய விட்டு, மேல் தண்ணீரைச் சுத்தமான துணியில் வடித்து, பிறகு தளதளவென்று கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வையுங்கள். நீங்கள் 2000 மீட்டருக்கு மேல் மலையில் இருந்தால் மூன்று நிமிடம். தண்ணீர் தெளிந்து வந்தாலும் முதல் சில நாட்கள் இப்படியே குடிப்பது நல்லது, கைக்குழந்தை இருந்தால் கட்டாயம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது. நாங்கள் கவலைப்பட வேண்டுமா?

இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். கலங்கல் தண்ணீர் உள்ளே போனால் முன் வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். யூவி விளக்கும் கலங்கலில் சரியாக வேலை செய்யாது, ஒளி ஊடுருவினால்தானே கிருமி சாகும்? தண்ணீர் தெளியும்வரை இயந்திரத்துக்குப் போகும் குழாயை மூடி வையுங்கள். தட்டுப்பாட்டு நாட்களில் இன்னொன்று: பொதுவாக ஒரு லிட்டர் வடிக்க இரண்டு மூன்று லிட்டரை அது வெளியே தள்ளும். அந்தக் கழிவு நீர் வரும் குழாயை ஒரு வாளிக்குள் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கீழ்நிலைத் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடலாம்? பக்கத்து வீட்டில் ஒரு கை அள்ளிப் போட்டார்களாம்.

கை ஆளுக்கு ஆள் மாறுமே! தெளிந்த தண்ணீருக்கு, 1000 லிட்டருக்கு நல்ல தரமான பவுடர் ஏறத்தாழ 2.5 கிராம் போதும். தொட்டியில் நிற்கும் தண்ணீரின் நீளம், அகலம், ஆழத்தை மீட்டரில் அளந்து பெருக்கி, அதை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் 3000 லிட்டர், அதற்கு 7.5 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும், மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். வெகுநாள் திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. கழிப்பறை கழுவும் ஆசிடோடு இது எந்தக் காரணம் கொண்டும் சேரக் கூடாது, விஷ வாயு கிளம்பும்.

கேள்வி: அழுத்தம் குறைவாக வருகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கலாமா?

கூடாது. பக்கத்து வீட்டுப் பங்கை எடுப்பது ஒருபுறம், மேலே சொன்ன சாக்கடைத் தண்ணீரை நீங்களே உறிஞ்சி உள்ளே அழைக்கிறீர்கள்.

கேள்வி: தண்ணீர் வந்துவிட்டது. அண்டாவில் பிடித்து வைத்தது ஒரு வாரமாக அப்படியே இருக்கிறது, கொட்ட மனசு வரவில்லை.

குடிக்க வேண்டாம், அதில் குளோரின் அநேகமாகப் போயிருக்கும். செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள், வீணாகாது. ஆனால் இன்றே செய்யுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படி வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். காலி செய்தால் மட்டும் முடிந்துவிடாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுமனே அலசினால் போகாது, நாரோ பிரஷ்ஷோ போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.