கொறங்காடும் கறிக்கடையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூலனூர்ப் பக்கம் செம்மறி வளர்த்துக்கொண்டே அருகிலுள்ள ஊரில் கறிக்கடையும் நடத்தும் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். சில சந்தேகங்கள். சொந்தப் பட்டி இருக்கும்போது அவர்கள் ஏன் சந்தைக்குப் போய் ஆடு வாங்குகிறார்கள்? தாங்களே வளர்த்து விற்கும் கடையிலும் கறி விலை ஏன் குறையவில்லை? வளர்த்ததைக் கொல்லக் கொடுக்க அவர்களுக்கு மனம் எப்படி வருகிறது? ஒருமுறை நேரில் சென்று பார்க்கவும் ஆசை. எந்த மாதத்தில் போகலாம்?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டாலே பதில் கிடைத்துவிடும். அந்தப் பகுதியில் மேயும் மேச்சேரி இனச் செம்மறி ஆடு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். சினைக்காலம் ஐந்து மாதம். ஐம்பது தாயாடு உள்ள பட்டியில் ஓராண்டில் ஐம்பதை ஒட்டிக் குட்டிகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நோயில் போவது போக, பட்டியை நிலைநிறுத்தப் பெட்டைக் குட்டிகளை நிறுத்திக்கொண்டது போக, கடைக்கென்று மிஞ்சுபவை இருபது, இருபத்தைந்து கிடாக்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஏழெட்டு ஆடு உரிக்கிற கடைக்கு அது ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. ஆகவே ஆண்டு முழுவதும் கடையை ஓட்டுவது சந்தை ஆடுதான். பட்டி அவர்களுக்குச் சேமிப்பு. கை வறண்ட மாதத்தில் எடுக்கவும் ஆடு மலிந்த மாதத்தில் போட்டு வைக்கவும் உதவுவது.

வளர்ப்பும் விற்பனையும் ஒரே வீட்டில் இருந்தாலும் அவற்றின் பருவங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன என்பதைத்தான் அந்தக் கட்டுரையில் சொல்ல விரும்பினேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடு என்பது கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் மானாவாரி மேய்ச்சல் நிலம். வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஐப்பசியில் புல் எழும்பி, கார்த்திகை, மார்கழியில் ஆடுகள் வயிறு நிறைய மேயும். அந்த மழைக்காலத்தை ஒட்டித்தான் ஊரில் பாதி வீடுகளில் கறி இல்லை. புரட்டாசி முழுவதும் பெருமாளுக்கு விரதம். தீபாவளிக்கு ஒரு வாரம் கடை நிரம்பி வழிந்த பிறகு, கார்த்திகையில் சபரிமலை மாலை. அது தை வரை நீள்கிறது. மாறாக, பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாவும் கிடாவெட்டும் கல்யாண விருந்துமாகக் கறிக்கு ஆள் வரிசையில் நிற்கும்போது காட்டில் புல் தீர்ந்து, ஆடுகள் வெள்வேலங்காயையும் விலைக்கு வாங்கிய சோளத்தட்டையையும் தின்று எடை குறைந்து நிற்கின்றன.

இந்த முரணிலிருந்து பிழைப்பை எடுப்பதுதான் அந்தக் குடும்பத்தின் திறமை. புரட்டாசி முதல் பாதியில் சந்தை மந்தமாக இருக்கும்போது தகப்பனார் கன்னிவாடி ஆட்டுச்சந்தைக்குப் போய் இளங்கிடாக்களாகப் பார்த்து வாங்கிவிடுவார். மாதக் கடைசிக்குக் காத்திருந்தால் தீபாவளி வியாபாரிகள் வந்து விலையை ஏற்றிவிடுவார்கள். வாங்கியவற்றை மழைப்புல்லில் விட்டுத் தேற்றி, தையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு இறக்குவார்கள். ஆனால் அந்த மழைப்புல்லிலேயே ஆபத்தும் இருக்கிறது. இளம்புல்லை அளவுக்கு மீறித் தின்ற கொழுத்த குட்டிகள்தாம் துள்ளுமாரி நோயில் திடீரென்று விழுகின்றன. மழைக்காலத்துக் கடிப்பூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவுகிறது. மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுக் குடற்புழு மருந்தும் கொடுத்தாக வேண்டும். நோயில் இறந்த ஆட்டை அவர்கள் குழிவெட்டிப் புதைக்கிறார்கள். அது கடைக்கு வந்துவிடுமோ என்று ஊரில் ஒரு சந்தேகம் எப்போதும் இருப்பதால், பகலில், நாலு பேர் பார்க்கப் புதைக்கிறார்கள்!

தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் தினம். அரசு ஆணைப்படி இறைச்சிக் கடை திறக்கக் கூடாது. மறுநாளோ ஆண்டின் பெரிய வியாபார நாட்களில் ஒன்று. ஆகவே அடைத்த கடைக்குள் அன்று மாலை முழுவதும் கறி வெட்டும் புளியங்கட்டையைச் சுரண்டிக் கழுவி, கத்தி தீட்டி, எடைக்கல் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விலைக்கு வருகிறேன். இருபது கிலோ உயிர் எடையுள்ள ஆட்டில் கறியாகத் தேறுவது ஒன்பது, மிஞ்சினால் பத்துக் கிலோ. தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி எனப்படும் மண்ணீரல் ஆகியவை தனி விலை. இவற்றில்தான் கடைக்காரருடைய கூலி நிற்கிறது. மொத்தக் கறியையும் விற்று வருவது ஏறக்குறைய ஆடு வாங்கிய விலைதான். முன்பெல்லாம் தோல் ஒரு நல்ல வரவாக இருந்தது. மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல்சாலைகளில் தனி மதிப்பு உண்டு. இப்போது உப்புப் போட்டு அடுக்கி வைக்கும் செலவுக்கே தோல் விலை சரியாகிவிடுகிறது என்கிறார் மூத்த மகன். சந்தையில் தராசு கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் விரலை ஓட்டி, ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துச் சொல்லும் மதிப்பில் ஒரு கிலோ தவறினால் அந்த ஆட்டின் ஆதாயம் போயிற்று. சொந்தக் கிடாவுக்கும் சந்தை விலையைத்தான் அவர்கள் கணக்கில் எழுதுகிறார்கள்; அதுவே சரி என்று எனக்கும் தோன்றுகிறது. அல்லாவிட்டால் தகப்பனார் ஆண்டு முழுவதும் வெயிலில் நின்றதற்குக் கூலி எங்கே இருக்கிறது?

வெளியிலிருந்து வரும் இடிகள் வேறு. 2019, 2021, 2024 ஆகிய மூன்று தேர்தல்களுக்கும் தமிழகத்தில் ஏப்ரலில்தான் வாக்குப்பதிவு. தேர்தல் காலத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோனால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். ஆட்டுச்சந்தையில் யார் ரசீது கொடுக்கிறார்கள்? கிடாவெட்டுப் பருவத்தில் சரக்கு வாங்க முடியாமல் போன வாரங்கள் உண்டு. இதைவிடப் பெரிய அடியாக அவர்கள் நினைவு வைத்திருப்பது 2003ஐ. 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அன்றைய அரசு உத்தரவிட்டது. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் கோயிலுக்கென்று வளர்த்த கிடாக்களை வாங்க ஆளில்லை.

மனம் எப்படி வருகிறது என்ற கேள்வியை நீங்கள் குற்றம் சாட்டும் தொனியில் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பட்டியில் தாயாடுகளுக்குப் பெயர் உண்டு, கிடாக்களுக்கு இல்லை. வளர்ப்பவர் தகப்பனார், அறுப்பவர் கூலிக்கு வரும் வேறொருவர், வெட்டி விற்பவர் மூத்த மகன். தகப்பனார் கடைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அதைத் தப்பித்தல் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது ஒரு ஏற்பாடாகத்தான் தெரிகிறது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று பட்டியில் எப்போதும் இருக்கும். எவ்வளவு விலை வந்தாலும் அது கடைக்குப் போகாது. கறி விற்றே வாழும் வீட்டில், மருமகள் மட்டும் கறி சாப்பிடுவதில்லை. காரணம் கேட்டபோது, வாசனை பழகிவிட்டதால் ருசி போய்விட்டது என்றார்.

போவதானால் மார்கழியில் போங்கள். காடு பார்க்கும்படி இருக்கும். கடையில் கூட்டமிராது என்பதால் பேசவும் அவர்களுக்கு நேரமிருக்கும். சித்திரையில் போனால் யாரும் உங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.