இரவெல்லாம் அலறும் சேர்வர், பேக்கப் நின்றபோது மட்டும் ஏன் பேசவில்லை?

கேள்வி: கல்முனையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணினி வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்க்கிறேன். பில் போடும் மென்பொருள் ஓடுகிற உபுண்டு சேர்வரைக் கண்காணிக்க சபிக்ஸ் போட்டிருக்கிறேன். சேர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகிற லொக் பைலில் ‘எரர்’ என்ற சொல் வந்தால் டெலிகிராமில் எனக்குச் செய்தி வர வேண்டும் என்று செய்து வைத்தேன். நாளுக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது. தூங்க முடியாமல் போன் சத்தத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் இரவு பேக்கப் நின்றுபோய் ஒரு கிழமையாகியும் அதைப் பற்றி ஒரு செய்திகூட இல்லை. முதலாளி தற்செயலாகக் கேட்டபோதுதான் எனக்கே தெரிய வந்தது. அதோடு, ஒருமுறை சிவப்பாகிய எச்சரிக்கை பிறகு பச்சைக்குத் திரும்புவதே இல்லை. முதலாளி இப்போது எல்லாச் செய்தியையும் தன் போனுக்கும் அனுப்பச் சொல்கிறார். என்ன செய்யலாம்? லொக்கில் இருந்து சில வரிகளை இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், கல்முனை

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வரிகளைப் பார்த்ததுமே பாதிக் கதை விளங்கிவிட்டது.

உங்களைத் தூங்கவிடாத வரி இது: ‘சிங்க் ஃபினிஷ்ட், எரர்ஸ்: 0’. கிளையோடு கணக்கை ஒத்துப் பார்க்கிற வேலை ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது என்று மென்பொருள் எழுதி வைக்கும் நல்ல செய்தி. ‘எரர்ஸ்’ என்ற சொல்லுக்குள் ‘எரர்’ இருப்பதால் சபிக்ஸ் அதைப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள பூச்சியத்தை அது பார்ப்பதில்லை, பார்க்கும்படி நீங்கள் சொல்லவும் இல்லை. நேரங்களைப் பார்த்தால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இந்த வேலை ஓடுகிறது. அப்படியென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நாளுக்கு 288 தடவை உங்கள் போன் கத்தியிருக்கிறது.

பேக்கப் நின்ற இரவின் வரியையும் பாருங்கள்: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ்’. டிஸ்கில் இடமில்லை என்று, உபுண்டுவின் அடியில் உள்ள லினக்ஸ் சொல்லும் வழமையான வாசகம் இது. இதில் ‘எரர்’ என்ற சொல்லே கிடையாது. உங்களுக்குச் செய்தி வராததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆகவே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற முறையை முதலில் கைவிடுங்கள். கடை அமைதியாக இருக்கிற ஒரு பின்னேரம், போன கிழமை லொக்கைத் திறந்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள். இந்த வரி வந்தால் இரவு 2 மணிக்கு எழும்பி ஏதாவது செய்வேனா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். செய்வேன் என்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும், பாருங்கள். மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே இருக்கிற சனத்துக்கு ஒவ்வொரு மழைக்கும் அறிவிப்புச் செய்வதில்லை, வான்கதவு திறக்கப் போகிறபோதுதான் செய்கிறார்கள். அதனால்தான் அந்த அறிவிப்பைக் கேட்டதும் ஆட்கள் சாமான்களை மேலே தூக்கி வைக்கிறார்கள்.

இனி சபிக்ஸுக்குள் போவோம். அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் ஜெனரல் என்பதற்குள் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ், அதாவது தேட வேண்டிய வாசக வடிவங்கள், என்று ஒரு பக்கம் இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அங்கே ஒரு பெயர் வைத்து, அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகளைப் போடலாம். முதல் நிபந்தனையில் ‘ரிசல்ட் இஸ் ட்ரூ’ என்று தெரிவுசெய்து, பிடிக்க வேண்டிய வாசகங்களை நடுவே நிமிர்ந்த கோடு போட்டு எழுதுங்கள். இடமில்லை என்ற வாசகம், டேட்டாபேஸ் இணைப்பு அறுந்ததைச் சொல்லும் வாசகம், இப்படி. இரண்டாவதில் ‘ரிசல்ட் இஸ் ஃபால்ஸ்’ என்று போட்டு ‘எரர்ஸ்: 0’ என்பதைத் தள்ளிவிடுங்கள். எல்லா நிபந்தனையும் பொருந்தினால்தான் வரி உள்ளே வரும். பிறகு லொக்கை வாசிக்கச் சொல்லி சபிக்ஸில் நீங்கள் போட்ட லொக் ஐட்டத்தில் வடிவத்தைக் கொடுக்கிற இடத்தில், முன்னால் அட் குறி போட்டு இந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் கணக்கெடுக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு நிபந்தனையிலும் உள்ள ‘கேஸ் சென்சிடிவ்’ பெட்டியில் தெரிவுசெய்ய மறக்க வேண்டாம். புதிதாக ஐட்டம் உருவாக்குகிறபோது மோட் என்ற இடத்தில் ‘ஸ்கிப்’ என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பைலின் ஆரம்பத்திலிருந்து பழைய வரிகளை எல்லாம் வாசித்து, போன மாதத்துப் பிரச்சினைக்கு இன்றைக்கு உங்களை எழுப்பும்.

அப்புறம் ட்ரிகர், அதாவது எப்போது எச்சரிக்க வேண்டும் என்கிற விதி. ‘ப்ராப்ளம் ஈவன்ட் ஜெனரேஷன் மோட்’ என்ற இடத்தில் நீங்கள் ‘மல்டிபிள்’ என்பதைத் தெரிவுசெய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஒரு பிரச்சினையை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி அனுப்பும். அதை ‘சிங்கிள்’ ஆக்குங்கள். ஒரே பிழை நிமிடத்துக்குப் பத்துத் தடவை எழுதப்பட்டாலும் உங்களுக்கு ஒரு செய்திதான் வரும்.

பச்சைக்குத் திரும்பாததற்கும் காரணம் இருக்கிறது. நீங்கள் பொருந்துகிற வரிகளை மட்டும்தான் உள்ளே எடுக்கிறீர்கள். ஆகவே கடைசியாக வந்தது எப்போதும் ஒரு பிழை வரியாகவே இருக்கும். பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிற வரி உள்ளே வருவதற்கு வழியே இல்லை. ட்ரிகரில், வரி வந்ததா வரவில்லையா என்று பார்க்கிற நோடேட்டா என்ற பங்ஷனைச் சேர்த்து, 15 நிமிடத்துக்குள் வரி வந்திருந்தால் மட்டுமே பிரச்சினை என்று எழுதுங்கள். வரி வருவது நின்று 15 நிமிடமானால் தானாகவே பச்சையாகிவிடும். இணையத்தில் கிடைக்கிற உதாரணங்களை அப்படியே எடுத்துப் போடுகிறபோது கவனம். சபிக்ஸ் 5.4 பதிப்பில் ட்ரிகர் எழுதும் முறையே மாறியது. நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதிய பழைய வடிவம் இப்போது வேலை செய்யாது. ஸ்ட்ர், ரெகெக்ஸ்ப் என்ற பழைய பங்ஷன்களுக்குப் பதிலாக ஃபைண்ட் வந்துவிட்டது. இது தெரியாமல் பழைய குறிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் வருகிற வரிகளைப் பற்றியது. உங்கள் பேக்கப் விஷயத்தில் நீங்கள் கவனித்திருக்க வேண்டியது வராத வரி. பேக்கப் எத்தனையோ விதமாகக் கெடலாம். டிஸ்க் நிரம்பலாம், கடவுச்சொல் மாறலாம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற கிரோன் ஓடாமலே விடலாம், கரண்ட் போய் இயந்திரமே அணைந்து கிடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகம் தேடிக்கொண்டிருந்தால் முடிவே இராது. சரியாக முடிந்தால் எழுதப்படுகிற வரி ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் எடுக்கிற ஒரு தனி ஐட்டம் போட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் அது வராவிட்டால் எச்சரிக்கை என்று அதே நோடேட்டாவை மறுபக்கமாகப் பயன்படுத்துங்கள். உங்கள் பேக்கப் இரவு 1 மணியளவில் முடிகிறது என்று வரிகளில் தெரிகிறது. 26 மணித்தியாலம் என்று போட்டால் விடியப்புறம் 3 மணிக்கு எழுப்பும். அந்த நேரத்தில் எழும்பி என்ன செய்வீர்கள்? 30 என்று போடுங்கள், காலை 7 மணிக்கு, நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வரட்டும். சேர்வரில் இருந்து சபிக்ஸுக்குத் தகவல் அனுப்புகிற ஏஜென்டே நின்றுபோனாலும் இந்த ட்ரிகர் அதையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அந்த ‘முடிந்தது’ வரியை எழுதுகிற ஸ்கிரிப்டையும் ஒருக்கா திறந்து பாருங்கள். முன்னைய கட்டளை வென்றதா தோற்றதா என்று பார்க்காமல், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ‘டன்’ என்று எழுதிவிடுகிற ஸ்கிரிப்டுகள் ஊருக்குள் நிறைய ஓடுகின்றன. பேக்கப் கட்டளை பிழையின்றி முடிந்தால் மட்டுமே அந்த வரி எழுதப்பட வேண்டும். பேக்கப் பைலின் அளவையும் அதே வரியில் எழுதச் செய்தால் இன்னும் நல்லது. வழமையாக 4 ஜிபி வருவது திடீரென 20 கேபி என்று இருந்தால் கண்ணில் படும்.

டிஸ்க் இடத்துக்கு லொக்கை நம்பவே வேண்டாம். டிஸ்க் முழுதாக நிரம்பினால் லொக் எழுதவும் இடமிருக்காது. சபிக்ஸிலேயே டிஸ்க் அளவைப் பார்க்கிற ஐட்டம் இருக்கிறது. 80 வீதத்தில் ஒரு சாதாரண எச்சரிக்கை, 90 இல் கடுமையானது. பேக்கப் போகிற டிஸ்கையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்ததாக உங்களுக்கு இதுதான் நடக்கும். லொக்ரொட்டேட் பழைய பைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் புதிய பைலைத் திறக்கிற இரவு, புதிய பைலை வாசிக்க சபிக்ஸுக்கு அனுமதி இல்லாமல் போகலாம். அப்போது ஐட்டம் ‘நொட் சப்போர்ட்டட்’ ஆகிவிடும். அதற்காக எச்சரிக்கை ஒன்றும் வராது. எல்லாம் அமைதியாக இருக்கும், நீங்களும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உபுண்டுவில் சிஸ்லொக் போன்ற பைல்களை adm என்ற பயனர் குழு வாசிக்கலாம். சபிக்ஸ் பயனரை அந்தக் குழுவில் சேர்த்து ஏஜென்டை ஒருமுறை மீளத் தொடக்குங்கள், தொடக்காவிட்டால் புதிய உரிமை அதற்குக் கிடைக்காது. பில் மென்பொருளின் லொக்குக்கு, லொக்ரொட்டேட் அமைப்பில் ‘கிரியேட்’ என்ற வரியில் 0640 என்ற அனுமதியையும் அதே குழுவையும் எழுதுங்கள். எதை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஐட்டத்துக்குச் சொல்வது அதன் கீ. பெயர் மாறுகிற பைலுக்கு வெறும் லொக் கீயை விட லொக்ஆர்டி (logrt) கீ பொருத்தம். பழைய பைலின் வாலில் மிச்சமிருந்த வரிகளை வாசித்த பிறகே அது புதியதற்குப் போகும். அதில் பைல் பெயரை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகத்தான் கொடுக்க வேண்டும், டெர்மினலில் போடுகிற மாதிரி வெறும் நட்சத்திரக் குறி போட்டால் சரிவராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அலேர்ட்ஸ் பகுதியில் இன்டர்னல் அக்ஷன்ஸ் என்பதற்குள் ‘நொட் சப்போர்ட்டட்’ ஐட்டங்களை அறிவிக்கிற ஒரு அக்ஷன் ஏற்கனவே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அது அணைத்த நிலையிலேயே வரும். அதை இயக்கிவிடுங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சில்லறை விஷயம் ஒன்று. சேர்வரின் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருந்தால் இரவு 1 மணிக்கு நடந்ததை லொக் முதல் நாள் இரவு 7.30 என்று காட்டும். நேர வலயத்தை ஏஷியா கொழும்பு என்று மாற்றிவிடுங்கள், கிரோன் வேலைகளின் நேரத்தையும் பிறகு சரிபாருங்கள். சபிக்ஸ் சேர்வரும் அதே இயந்திரத்தில்தான் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் மாரி காலத்தில் கரண்ட் போகிறபோது காவல்காரனும் சேர்ந்தே படுத்துவிடுவான். வெளியே வாடகைக்கு எடுக்கிற ஒரு மலிவான இணையச் சேர்வருக்கோ (விபிஎஸ்), வேறொரு கிளையில் உள்ள பழைய கணினிக்கோ அதை மாற்றப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும், பிழை வரி ஒன்றை நீங்களே அந்த லொக் பைலின் கடைசியில் சேர்த்துப் பாருங்கள். போனுக்கு வருகிறதா, ஒன்று மட்டும் வருகிறதா, 15 நிமிடத்தில் பச்சையாகிறதா? பைலை லொக்ரொட்டேட்டைக் கொண்டு கையால் ஒருமுறை மாற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

முதலாளி விஷயம். எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினால் இரண்டு நாளில் அவரும் சத்தத்தை நிறுத்திவிடுவார், அல்லது ஒவ்வொன்றுக்கும் உங்களை அழைப்பார். இரண்டாவதுதான் நடக்கும் என்பது என் எண்ணம். செய்தி யாருக்கு எப்படிப் போக வேண்டும் என்று குறிக்கிற, பயனரின் மீடியா அமைப்பில் எந்தக் கடுமை, எந்த நேரம் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகத் தெரிவுசெய்யலாம். அவருக்கு ‘டிசாஸ்டர்’ மட்டும் போதும். இன்னொரு ஏற்பாடும் செய்யலாம், அதற்கு அவரின் மீடியாவில் ஹை மட்டத்தையும் தெரிவுசெய்திருக்க வேண்டும்: ஹை மட்டத்து எச்சரிக்கையை நீங்கள் அரை மணித்தியாலத்துக்குள் பார்த்துவிட்டேன் என்று அக்னொலெஜ் செய்யாவிட்டால் மட்டும் அது அவருக்குப் போகட்டும். நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கிற நாளில் உதவும். செய்திக்குள் லொக் வரி அப்படியே போகிறதென்றால், அதில் வாடிக்கையாளரின் போன் நம்பரோ அடையாள அட்டை இலக்கமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். தேவையான துண்டை மட்டும் வெட்டியெடுக்க ஐட்டத்தில் அவுட்புட் என்ற இடம் இருக்கிறது. மற்றபடி அவருக்கு நிலவரம் தெரிய வேண்டும், அவ்வளவுதானே. 5.4 பதிப்பிலிருந்து நிலவரத்தை ஒரே திரையில் காட்டுகிற டாஷ்போர்டை பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்புகிற வசதி வந்திருக்கிறது. அதற்கு சபிக்ஸ் வெப் சேர்விஸும் குரோமும் போட வேண்டியிருக்கும். கடைசி பேக்கப் எப்போது முடிந்தது, டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்ற இரண்டையும் அதில் வைத்து, திங்கட்கிழமை காலையில் போகும்படி செய்துவிடுங்கள்.