கேரேஜில் வண்டி பிரிப்பவருக்குக் கவுன்சில் கடிதம் வந்தால்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், சென்ற ஆண்டு வாங்கிய வீட்டின் கேரேஜில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துச் சீர்செய்து வருகிறீர்கள் என்றும், அங்கே வாகனப் பழுதுபார்ப்புத் தொழில் நடப்பதாகப் புகார் வந்திருப்பதாகக் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலில், கட்டடங்களையும் நிலப் பயன்பாட்டையும் கவனிக்கும் திட்டமிடல் பிரிவிலிருந்து இப்போது கடிதம் வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டுமா, பின்தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டு வேலையை அங்கே மாற்றிக்கொள்ளலாமா, விசாவுக்குச் சிக்கல் வருமா, புகார் கொடுத்தவர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

அந்தக் கடிதத்தைத் தீர்ப்பு என்று எண்ணிக் கலங்க வேண்டாம். விசாரணை இப்போதுதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் திட்ட அனுமதி இல்லாமல் ஒன்றைச் செய்துவிட்டால், அது பெரும்பாலும் அந்த அளவிலேயே குற்றமாகிவிடாது. கவுன்சில் முறைப்படி அமலாக்க ஆணை பிறப்பித்து, அது நடைமுறைக்கு வந்து, அதில் கொடுத்த கெடு முடிந்த பிறகும் நாம் கீழ்ப்படியாமல் இருந்தால்தான் குற்றமாகும். அந்த ஆணை நடைமுறைக்கு வருவதற்கு முன்பு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. ஆனால் கடிதத்தின் தலைப்பை மட்டும் இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் 'பிளானிங் கான்ட்ராவென்ஷன் நோட்டீஸ்' (திட்டமிடல் விதிமீறல் பற்றி விவரம் கேட்கும் அறிவிப்பு) என்று இருந்தால் அது சாதாரண விசாரிப்புக் கடிதம் அல்ல. கேட்டிருக்கும் விவரங்களை 21 நாட்களுக்குள் கொடுக்காமல் விடுவதே குற்றம். தெரிந்தே பொய் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். சாதாரணக் கடிதமாக இருந்தாலும் அலமாரியில் செருகி வைக்காமல் பதில் எழுதிவிடுங்கள். பதில் வராத வீட்டைப் பற்றி அதிகாரிக்கு எழும் ஐயம் இயல்பானதே.

அனுமதி தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வீட்டையும் அதன் வளாகத்தையும் அங்கே குடியிருப்பவர் தம் வீட்டு வாழ்வுக்குத் துணையான எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தினாலும் அதற்குத் திட்ட அனுமதி தேவையில்லை என்கிறது. கடிதங்களில் 'இன்சிடென்டல்' என்று வரும் சொல் இதையே குறிக்கிறது. உங்கள் சொந்த வண்டியை உங்கள் கேரேஜில் பிரித்துப் பூட்டுவது இதற்குள் அடங்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பொழுதுபோக்கா தொழிலா என்பதை நாம் பணத்தை வைத்து அளக்கிறோம். ஒரு காசுகூட வாங்கவில்லையே, பிறகு எப்படித் தொழிலாகும் என்று கேட்கிறோம். சட்டம் முதலில் அளவைத்தான் பார்க்கிறது. வேல்ஸில் ஒருவர் தம் வீட்டில் 44 நாய்களைப் பொழுதுபோக்காகவே வளர்த்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அவருடைய ஆசை உண்மையானதா என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இருந்தும், ஒரு வீட்டுக்குத் துணையானது என்று நியாயமாகச் சொல்லக்கூடிய அளவை அது தாண்டிவிட்டது என்ற முடிவை நீதிமன்றம் ஏற்றது. ஆகவே உங்கள் மனத்தில் அது பொழுதுபோக்கு என்பது மட்டும் போதாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த இடம் இன்னும் ஒரு வீடாகத் தெரிகிறதா, வண்டிகளும் ஆட்களும் வந்துபோவது கூடியிருக்கிறதா, குடியிருப்புத் தெருவில் வழக்கமில்லாத வேலை நடக்கிறதா, வேளைகெட்ட வேளையில் சத்தமோ நாற்றமோ அக்கம்பக்கத்தாரை எட்டுகிறதா என்பவற்றைத்தான் அதிகாரி எடைபோடுவார்.

நான் இங்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எட்டாம் ஆண்டில் இதே போன்ற கடிதம் எனக்கும் வந்தது. என்னுடைய ஒரு பழைய கார் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களின் வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது என்று உதவிக்கொண்டிருந்தேன். கூலி எதுவும் வாங்கவில்லை. அதிகாரி வந்த அன்று என் வீட்டு முற்றத்திலும் வாசலை ஒட்டிய சாலையோரத்திலுமாக நான்கு கார்கள் நின்றன. அவற்றில் ஒன்றே என்னுடையது. அவர் என்னிடம் பேசுவதற்கு முன்பே சாலையில் நின்று நான்கு எண்களையும் குறித்துக்கொண்டார். பணம் வாங்காவிட்டாலும் வாரந்தோறும் பிறருடைய வண்டிகள் வரிசையில் நிற்கும் வீட்டை அந்தத் தெரு பட்டறையாகத்தான் பார்க்கும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அன்றோடு நண்பர்களின் வண்டிகளுக்கு விடை கொடுத்தேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன்: கேரேஜில் இருப்பவை எல்லாம் உங்கள் பெயரில் உள்ள வண்டிகள்தானா? நண்பருடைய வண்டி ஒன்று இருந்தாலும் முதலில் அதை அனுப்பிவிடுங்கள். வேலையைச் சாலையில் வைத்துச் செய்யவே வேண்டாம். தொழிலாகவோ கூலிக்கோ சாலையில் வாகனம் பழுதுபார்ப்பதை 2005ஆம் ஆண்டின் ஒரு தனிச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கூலி வாங்காமல் செய்பவருக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், அக்கம்பக்கத்தார் எரிச்சல்பட நியாயமான காரணம் இருந்தால் அந்த விலக்கு கைகொடுக்காது.

என் விஷயத்தில் திட்டமிடல் பிரிவின் கோப்பு அதோடு மூடப்பட்டது. ஆனால் புகார் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, இம்முறை சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிலிருந்து, இரவுச் சத்தம் பற்றிக் கடிதம் வந்தது. இந்த இரண்டு பிரிவுகளும் வேறு வேறு சட்டங்களின்படி நடக்கின்றன என்பதைப் புதிதாக வருபவர்கள் அறிவதில்லை. திட்ட அனுமதி தேவையில்லை என்று ஒரு பிரிவு சொல்லிவிட்டாலும், 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதே கேரேஜின் சத்தமும் பெயிண்ட் ஆவியும் தொல்லை என்று மற்றொரு பிரிவு முடிவு செய்யலாம். அதற்கு இத்தனை டெசிபல் என்ற வரம்பு கிடையாது. இரவு 11 மணிக்குள் எவ்வளவு சத்தமும் போடலாம் என்று பலர் நம்புவதும் தவறு. எவ்வளவு நேரம், எத்தனை முறை, எந்த வேளை, எந்தத் தன்மையான சத்தம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு அந்தக் கடிதம் புரியவே இல்லை, ஏனென்றால் இரவு எட்டு மணிக்கு மேல் நான் கேரேஜுக்குள் கால் வைத்ததில்லை. ஒட்டுவீட்டில் தனியே வசித்த முதிய பெண்மணி கவுன்சில் கொடுத்த தாளில் சத்தம் வந்த நேரங்களைக் குறித்து வைத்திருந்தார். அதிகாலை 2.10, 3.35, 4.55. மறுநாள் 1.50, 3.15, 4.40. அதிகாரி அந்தத் தாளை என் முன் வைத்து, ஏறத்தாழ எண்பது நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடுவது எது என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. காற்று கம்ப்ரசரின் சுவிட்சை நான் அணைப்பதே இல்லை. குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது மெல்ல நுரை கிளம்பியது. தொட்டியில் காற்று கசிந்து அழுத்தம் குறைந்ததும் மோட்டார் தானே கிளம்பி, தொட்டி நிரம்பும் வரை அதிர்ந்துவிட்டு அடங்கியிருக்கிறது. நான் வீட்டின் மறுகோடியில் உறங்கினேன். அவருடைய கட்டில் தலைமாடோ கேரேஜின் பொதுச்சுவரை ஒட்டி இருந்தது. எத்தனை மாதம் அப்படி விழித்திருந்தாரோ என்று நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

அன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவரே ஒரு யோசனை சொன்னார். என் மனைவி கேரேஜில் கிரைண்டரை ஓட்ட, நான் அவருடைய படுக்கையறையில் நின்று கேட்டேன். காற்றில் வரும் இரைச்சலைவிடச் சுவரே உறுமுவது போல ஒரு சத்தம் கேட்டது. வேலை மேசையையும் அதிலிருந்த பிடிப்பானையும் பொதுச்சுவரில் போல்ட் போட்டு நான் இறுக்கியிருந்ததுதான் காரணம். மேசையைச் சுவரிலிருந்து கழற்றி, தனிக் கால்களில் நிறுத்தி, அடியில் தடித்த ரப்பர் போட்டேன். கம்ப்ரசரை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துக் காற்றையும் வெளியேற்றிவிடும் பழக்கத்துக்கு வந்தேன். கிரைண்டர், சுத்தியல் வேலைகளைச் சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை மட்டும் வைத்துக்கொள்வதாக இருவரும் பேசி முடித்தோம். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சுவருக்குப் பஞ்சு அடைப்பதற்கு முன் நீங்களும் பக்கத்து அறையில் நின்று ஒரு முறை கேளுங்கள் என்பதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

புகார் கொடுத்தவரின் பெயரைக் கவுன்சில் சொல்லாது, கேட்கவும் கேட்காதீர்கள். யார் என்று ஊகித்து அவரிடம் போய் 'நீங்கள்தானே' என்று தொடங்கினால், அது மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளப்படும். இரு பக்கத்தாரிடமும், எதிர்வீட்டாரிடமும், பின்வீட்டாரிடமும் ஒரே மாதிரி போய், நான் பழைய வண்டிகளைச் சீர்செய்பவன், உங்களுக்கு எந்தச் சத்தமோ நாற்றமோ தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள் என்று கேளுங்கள். வீட்டை விற்கும்போது நிரப்பும் படிவத்தில் அக்கம்பக்கத்தாரோடு தகராறு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதை மறைத்தால் வாங்கியவர் வழக்குப் போடக்கூடும் என்பதால் முற்றவிடாமல் முடிப்பதே உங்களுக்கும் நல்லது.

கொட்டகை போடலாம், ஆனால் இந்தப் புகார் முடிவதற்கு முன் வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பு அல்லாத வீடுகளுக்கு, அனுமதி கேட்காமலே பின்தோட்டத்தில் கட்ட 2015ஆம் ஆண்டின் ஆணை இடம் தருகிறது. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கொட்டகையின் எந்தப் பகுதி வந்தாலும் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது; தள்ளிக் கட்டினால் இருபுறச் சரிவுக் கூரைக்கு 4 மீட்டரும் மற்றவற்றுக்கு 3 மீட்டரும் வரம்பு; வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக்கூடாது; முதலில் கட்டப்பட்ட வீடு நீங்கலான நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்கள் மூடக்கூடாது. கட்டட விதிகளைப் பொறுத்தவரை, உறங்கும் இடமில்லாத 15 சதுர மீட்டர் வரையிலான கொட்டகைக்குப் பொதுவாக விலக்கு உண்டு. 30 சதுர மீட்டர் வரை என்றால் எல்லையிலிருந்து 1 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், அல்லது பெரும்பாலும் எரியாத பொருளால் கட்டியிருக்க வேண்டும். மின் இணைப்புக்கு வேறு விதிகள் உண்டு. இத்தனை அளவுகளும் சரியாக இருந்தாலும், அந்தக் கொட்டகையும் வீட்டுக்குத் துணையான பயனுக்குத்தான் என்ற நிபந்தனை கூடவே வரும். தொழில் என்ற ஐயம் கோப்பில் இருக்கும்போது பட்டறை அளவில் ஒன்றை எழுப்பினால் அதுவே சாட்சியாகிவிடும். சில புதிய குடியிருப்புகளில், கேரேஜை வண்டி நிறுத்த மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை மூல அனுமதியிலோ, வணிக வாகனங்கள் கூடாது என்ற கட்டுப்பாடு பத்திரத்திலோ இருக்கும். இரண்டையும் வாசித்துப் பாருங்கள். எல்லாம் சரியென்று எழுத்தில் வேண்டுமென்றால், கட்டுவதற்கு முன்பே சட்டபூர்வச் சான்றிதழுக்குக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். பணம் செலவாகும், ஆனால் பின்னாளில் யார் புகார் கொடுத்தாலும் அந்தத் தாள் பேசும்.

திட்டமிடல் புகார் வந்தது என்பதற்காக விசாவுக்கு ஆபத்து இல்லை. கூலிக்கு வண்டி பழுதுபார்த்திருந்தால்தான் அது விசா நிபந்தனைகளுக்கு முரணாகும் வாய்ப்பு வருகிறது. திறன்வேலை விசாவில் இருப்பவர் பொதுவாகத் தனியாகத் தொழில் நடத்த முடியாது. ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான வருமானத்துக்கு உள்ள வரிச் சலுகையைச் சிலர் இதற்குச் சமாதானமாகச் சொல்வார்கள். அந்தச் சலுகை வரிக்கு மட்டுமே. திட்டமிடலையும் விசாவையும் அது தொடாது.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒட்டுவீட்டார் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் பெரும்பாலும் தீயைப் பற்றியதாகவே இருக்கும். கொள்கலன்களில் எல்லாம் சேர்த்து 30 லிட்டருக்கு மேல் வீட்டில் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் கேன் 10 லிட்டருக்கும் உலோகக் கேன் 20 லிட்டருக்கும் மேற்படக்கூடாது. கழிவு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், அதை வாங்கிக்கொள்ளும் கவுன்சில் மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள்.

அதிகாரிக்கு எழுதும் பதிலில் உங்கள் பெயரில் உள்ள வண்டிகளின் எண்கள், வாரத்தில் வேலை செய்யும் நேரம், பயன்படுத்தும் கருவிகள், பிறருக்காகக் கூலி வேலை செய்வதில்லை என்ற உறுதி ஆகியவற்றை உண்மையாக எழுதி, நேரில் வந்து பார்க்க நீங்களே ஒரு நாளைக் குறிப்பிடுங்கள். அந்த வரைவை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள். கடிதத்தின் தலைப்பையும், கேரேஜின் எந்தச் சுவர் ஒட்டுவீட்டோடு பொதுவானது என்பதையும், கம்ப்ரசர் எந்தச் சுவரோரம் நிற்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்