காது கேட்கும் சோதனையை வைத்துக் குழந்தையின் உடலில் ஈயம், பாதரசம் ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு தனிக் குழந்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மட்டும் தெரியும். இந்த வேறுபாடு விட்டுப்போனதால்தான் "ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்து வரையும் படம்) எடுத்தால் ஈயம் தெரிந்துவிடும்" என்ற பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது.

எண்ணை வைத்தே பார்க்கலாம். அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட) மக்களிடம் நடந்த உடல்நலக் கணக்கெடுப்பின் தரவை எடுத்து ஷ்வார்ட்ஸ், ஓட்டோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 6 மைக்ரோகிராமிலிருந்து 18-க்கு ஏறும்போது பிள்ளைகளின் கேட்கும் திறன் சுமார் 2 டெசிபெல் குறைகிறது என்பது முடிவு. 18 என்பது லேசான அளவு இல்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இன்று வைத்திருக்கும் 3.5 என்ற குறிப்பு எல்லையைப் போல ஐந்து மடங்கு. ஆனால் கேட்கும் திறனை அளக்கும் கருவியான ஆடியோமீட்டரில் ஒரு படி என்பதே 5 டெசிபெல். அதே குழந்தையை மறுநாள் உட்காரவைத்தாலும் 5 டெசிபெல் முன்பின் வரும். தூக்கக் கலக்கம், ஹெட்போன் சரியாக உட்காராதது, அறைக்கு வெளியே ஃபேன் சத்தம், எதுவும் காரணமாகலாம். 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட அளவுகோலில் 2 செ.மீ. தேடுகிற வேலை இது. பள்ளிகளில் 20 டெசிபெல் ஒலியை மட்டும் கேட்கவைத்துப் பார்க்கும் சோதனையில் இது சுத்தமாகத் தெரியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஈக்வடாரின் லா விக்டோரியாவில் கூரை ஓட்டுக்கும் மண்பாண்டத்துக்கும் ஈயப் பூச்சு பூசும் குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்தபோது, ரத்த ஈயம் மிக அதிகமாக இருந்தும் பலருக்கு நத்தைக்கூட்டின் (ஒலியை நரம்புச் சேதியாக மாற்றும் உள்காதுப் பகுதியின்) வேலை இயல்பாகவே இருந்தது. ஆகவே ஆடியோகிராம் நன்றாக வந்துவிட்டது, ஈயம் இல்லை என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

காரணம், இந்த உலோகங்கள் முதலில் தாக்குவது பெரும்பாலும் காதை விட நரம்பையும் மூளையையும்தான். ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி கடத்துவதைக் குலைக்கிறது. அதனால் ஏதாவது தெரிந்தால் அது பெரா சோதனையில் தெரியவே வாய்ப்பு அதிகம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, தூங்கும் குழந்தையின் காதில் ஆயிரக்கணக்கான 'கிளிக்' ஒலிகள் கொடுத்து, மூளைத்தண்டு வரை ஒன்றன்பின் ஒன்றாக எழும் மின் அலைகள் (முதல் அலை, இரண்டாவது அலை என்று எண்ணுவார்கள்) வரும் நேரத்தை அளக்கும் சோதனை அது. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் திமிங்கலக் கறி வழியாகக் கருவிலேயே மெத்தில் பாதரசம் ஏறிய பிள்ளைகளிடம் மூன்றாவது, ஐந்தாவது அலைகள் தாமதமாக வந்தன. எவ்வளவு தாமதம்? தொப்புள்கொடி ரத்தத்தில் பாதரசம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 0.01 முதல் 0.02 மில்லிநொடி. ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளேயே முதல் அலைக்கும் ஐந்தாவது அலைக்கும் உள்ள இடைவெளி 0.2 மில்லிநொடி வரை சாதாரணமாக மாறும். இங்கேயும் அதே கதைதான்.

பெரா எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் எல்லா அலைகளும் சேர்ந்தே தாமதமாகும். ஐந்தாவது அலையை மட்டும் பார்த்து "நரம்பு பாதிப்பு" என்று எழுதிவிடக்கூடாது. அலைகளுக்கு இடையே உள்ள நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். முதலில் டிம்பனோமெட்ரி (செவிப்பறை அசைவை அளந்து நடுக்காதைப் பார்ப்பது), காது அழுக்கு பார்ப்பது, பிறகு பெரா. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் அந்த மாத வயதுக்குரிய அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சின்னக் குழந்தைக்கு இந்த நேரம் இயல்பாகவே அதிகம்.

சந்தேகம் இருந்தால் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. விரல் நுனியில் குத்தி எடுப்பது முதல் கட்டத்துக்குப் போதும், ஆனால் தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, முதல் சொட்டைத் துடைத்தெறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். கூடுதலாக வந்தால் கை ரத்தக்குழாயில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து உறுதிசெய்யாமல் எந்த முடிவும் வேண்டாம். ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் போனது ஆண்டுக்கணக்கில் தங்கும். எனவே போன வருடம் ஏறியது இன்றைய ரத்தத்தில் முழுதாகத் தெரியாது.

உலோகத்துக்கு உலோகம் எதை எடுத்துச் சோதிப்பது என்பதும் மாறும். மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்துக்கு ரத்தம் அல்லது தலைமுடி. பாதரச ஆவிக்குச் சிறுநீர். ஆர்செனிக்குக்கும் சிறுநீர்தான், ஆனால் அதற்கு முன் சில நாட்கள் மீனும் மற்ற கடலுணவும் தரக்கூடாது, தந்தால் அவற்றிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக்கும் சேர்ந்து எண்ணிக்கை எகிறிவிடும். உலோகத்தை வெளியே இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீர் பிடித்துப் பார்க்கும் 'தூண்டல்' சோதனையைத் தவிர்த்துவிடுங்கள். மருந்து கொடுத்தால் யாருக்குமே எண் ஏறும். ஒப்பிடச் சரியான அளவீடும் கிடையாது.

அப்படியானால் கேட்கும் சோதனைக்கு வேலையே இல்லையா? உண்டு, ரத்தத்தில் உலோகம் உறுதியான பிறகு. அந்தக் குழந்தைக்கு ஆடியோகிராமோடு நிறுத்தாமல், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். அமைதியான அறையில் எல்லாம் கேட்டுவிட்டு, வகுப்பில் "என்ன சொன்னீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளைகளை அதுதான் பிடிக்கும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டதுண்டா, பிறந்ததும் தீவிர சிகிச்சையில் இருந்ததா, கடும் மஞ்சள் காமாலை வந்ததா என்பதையும் கேட்டுவிட வேண்டும். இவையெல்லாம் உலோகத்தைவிட அடிக்கடி காதைக் கெடுப்பவை.

கேட்கும் சோதனை செய்பவர்களுக்கும் ஒன்று. ஆடியோகிராம் இயல்பு, பேச்சு தாமதம், கூடவே மண்ணையோ சுவரிலிருந்து உதிரும் பெயின்டையோ தின்னும் பழக்கம், ரத்தசோகை என்று சேர்ந்து வந்தால் குழந்தை மருத்துவரிடம் ஈய அளவு பார்க்கச் சொல்லி எழுதி அனுப்புங்கள். இரும்புச்சத்துக் குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தரப்படும். மருந்து நின்ற இரண்டு மூன்று வாரத்தில் எலும்பிலிருந்து ஈயம் மறுபடி ரத்தத்துக்கு வந்து எண் ஏறுவது வழக்கம். அந்தக் கட்டத்தில் ஆடியோகிராம் எடுத்து "குணமாகிவிட்டதா" என்று பார்க்காதீர்கள். ரத்தத்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். ஈயம் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்திலிருந்து குழந்தையை விலக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த ரத்தமும் அதையேதான் காட்டும்.