கடல் அளவாய்வுப் படிப்பும் கியோர்கி செடோவின் வாழ்க்கையும்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கடல் அளவாய்வுத் துறையில் சேர விரும்பும் தங்கள் மகன் ரஷ்யாவின் கியோர்கி செடோவைத் தன் முன்மாதிரியாகக் கொண்டிருப்பதும், அவர் 36 வயதில் பனிவெளியில் மாண்ட செய்தியைப் படித்துத் தாங்கள் கலங்கியிருப்பதும் கடிதத்தில் தெரிகின்றன. ஒரு தாயின் கலக்கம் நியாயமானதே. ஆனால் அவருடைய கடைசி ஈராண்டுகளை மட்டும் வைத்து அத்தொழிலை எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1877-இல் அசோவ் கடலோரத்தில் வறிய மீனவர் குடும்பத்தில் பிறந்த செடோவ், 14 வயதில்தான் பள்ளிக்குப் போனார். மூன்றாண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். மேலே படிக்கப் பெற்றோர் இசையாததால் வீட்டுக்குத் தெரியாமல் ரஸ்தோவ் நகரத்துக்குப் போய், கடற்பயணப் பள்ளியில் சேர்ந்து, கப்பல் செலுத்துநர் தகுதி பெற்றார். கடற்படைக் கல்லூரியில் மாணவராகப் பயிலாமலேயே அதன் பாடங்களைத் தாமாகப் படித்து, 1901-இல் தனித்தேர்வராக எழுதித் தேறினார். மகனிடம் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது இந்தப் பகுதியைத்தான். அடுத்த ஆண்டே அவருக்கு ஆர்க்டிக் பெருங்கடல் அளவாய்வுக் குழுவில் இடம் கிடைத்தது. 1909-இல் சைபீரியாவின் கோலிமா ஆற்று முகத்துவாரத்தையும், 1910-இல் ஆர்க்டிக்கிலுள்ள நோவயா செம்லியா தீவுக்கூட்டத்தின் க்ரெஸ்தோவயா குடாவையும் அளந்து வரைபடமாக்கினார். எங்கே எவ்வளவு ஆழம், எங்கே மணல்திட்டு என்று பொறுமையாகக் குறிப்பதே இத்தொழிலின் அன்றாடப் பணி. அந்த எண்களை நம்பித்தான் பின்னால் வரும் மாலுமி கப்பலைச் செலுத்துகிறார்.

அவரது உயிரைப் பறித்தது இந்தப் பணியன்று, அவசரத்தில் கிளம்பிய வடதுருவப் பயணம். 1912 மார்ச்சில் திட்டத்தை அறிவித்தார். வல்லுநர் குழு அதை ஏற்காதபோதும் நன்கொடை திரட்டி ஆகஸ்டிலேயே புறப்பட்டுவிட்டார். வணிகர்கள் தலையில் கட்டிய உப்பிட்ட இறைச்சி கெட்டுப்போயிருந்தது. இரண்டாம் குளிர்காலத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் குழுவினரை வாட்டியது. தாமும் நோயுற்றிருந்த நிலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த துருவத்தை நோக்கி, 1914 பிப்ரவரியில் இரு மாலுமிகளுடன் நாய்வண்டிகளில் கிளம்பியவர், மார்ச் 5 அன்று ஆர்க்டிக்கிலுள்ள ருடால்ஃப் தீவருகே இறந்தார். அவருடைய துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் புறப்பாட்டைப் பின்பற்றத்தக்கதாக எந்த மாணவருக்கும் சொல்லமாட்டேன்.

ஆகவே மகனைத் தடுக்க வேண்டாம். பெற்றோர் மறுத்ததால் செடோவ் கடலை விட்டுவிடவில்லை, வீட்டைத்தான் விட்டுப் போனார். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் தங்கள் மகனுக்கு உறுதியாக அமையட்டும். கப்பற்பணிக்குப் பார்வைத் திறனும் நிறங்களைப் பிரித்தறியும் திறனும் கட்டாயம் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதில் குறை தெரிந்தால், கரையிலிருந்தபடியே தரவுகளைத் தொகுத்துக் கடல் வரைபடம் ஆக்கும் பிரிவைப் பற்றி மகனோடு சேர்ந்து பேசலாம். அந்தப் பேச்சுக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.